முதலாளி கேட்கட்டும், தொழிலாளி எதிரில் இருக்கட்டும்

கூலி, வேலை நேரம், முதலாளிகள் சங்கங்கள் அரசிடம் வைக்கும் கோரிக்கைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். அண்டி ஆபீஸ் எனும் முந்திரி ஆலை, ரப்பர் காடு, லாட்ஜ், கடைவீதி என்று குமரி மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்.

மளிகை மொத்த வியாபாரி, கோட்டாறு கம்போளம்: அண்ணாச்சி, தொழிலாளி கேட்டால் உரிமை, நாங்கள் கேட்டால் சூழ்ச்சியா? வியாபாரிகள் சங்கமும் ஆலை அதிபர் சங்கமும் அரசிடம் எதுவுமே கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேட்கலாம். சங்கம் வைக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உங்களுக்கும் தந்திருக்கிறது, உங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவருக்கும் தந்திருக்கிறது. யார் முன்னால் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் தொடங்கியது 1836-ல். தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் ‘உபாசி’ சங்கம் 1893-ல். தொழிலாளர்களுக்கென்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததோ 1918-ல்தான். இடைப்பட்ட 82 ஆண்டுகளும் கோட்டைக்குள் ஒரு தரப்பின் மனு மட்டுமே போய்க்கொண்டிருந்தது. சங்கம் வந்த பிறகும் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் அதன் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்குப் போட்டு, நீதிமன்றத் தடை வாங்கியது. வேலைநிறுத்தம் பற்றிப் பேசினாலே வழக்கு வரும் என்ற அந்த நிலையை மாற்ற 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு சோதனை சொல்கிறேன். உங்கள் சங்கத்தின் மனுவை, உங்கள் கடையில் சுமை தூக்குகிறவர் எதிரில் நின்று உரக்கப் படிக்க முடியுமா? முடியும் என்றால் கூசாமல் கொண்டுபோய்க் கொடுங்கள். குரல் தடுமாறினால், தடுமாறுகிற வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்: தமிழ்நாட்டில் 12 மணி நேர வேலைச் சட்டம் வந்து போனதாகச் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது?

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாடு திருத்த மசோதா சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 1948-ம் ஆண்டுச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவு சேர்ப்பதுதான் அதன் சாரம். வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, இடையில் ஓய்வு, வாரம் ஒரு விடுமுறை, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று அந்தச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. அரசு அறிவிக்கும் ஆலைகளுக்கு இந்த வரம்புகளிலிருந்து விலக்கு தர 65ஏ கதவு திறந்தது.

அரசு சொன்ன காரணம் முதலீடு. மின்னணு, தோல் அல்லாத காலணி போன்ற துறைகளில் வருகிற நிறுவனங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்கின்றன. விருப்பமுள்ள தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். வாரக் கணக்கு 48 மணியைத் தாண்டாது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர்கள் விளக்கினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் இதே மாதிரித் திருத்தத்தைச் செய்திருந்ததால் போட்டி அச்சமும் சேர்ந்துகொண்டது.

‘விருப்பம்’ என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிப்பது மேலாளர் கையில் இருக்கிறது என்றால், அந்தப் பெண் எந்தத் தாளில்தான் ‘விருப்பமில்லை’ என்று எழுதுவாள்? கட்டாயத்தில் நிற்பவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. உச்ச நீதிமன்றமும் 2020 அக்டோபர் 1 அன்று இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருந்தது. கொரோனா காலத்தில் ஆலைகளுக்கு வேலை நேர வரம்பையும் இரட்டை ஓவர்டைமையும் தளர்த்திய குஜராத் அரசின் அறிவிக்கைகளை அது ரத்து செய்தது. நெருக்கடியின் சுமையைத் தொழிலாளியின் முதுகில் மட்டும் இறக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

மசோதா நிறைவேறிய அன்று ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. ஏப்ரல் 24 அன்று அமைச்சர்கள் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். அன்றே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு 100 ஆண்டு நிறைந்திருந்தது.

வாக்கெடுப்புக்குப் பின்னால் நடந்த அந்தப் பேச்சு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் தொழில்துறை கேட்டதில் நியாயமான பங்கு ஏதாவது தேறியிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு கேட்டதால் அதுவும் சேர்ந்து போயிற்று.

லாட்ஜ் உரிமையாளர், கன்னியாகுமரி: நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை சீசன். அந்த நாட்களில் ஆட்கள் 12 மணி நேரம் நின்றால்தான் எங்கள் தொழில் ஓடும். நெகிழ்வு கேட்பது தப்பா?

தப்பில்லை. உங்கள் தேவை உண்மையானது. அந்தத் தேவைக்கு விலை என்ன, அதைக் கொடுப்பது யார் என்பதைப் பேசுவோம்.

சூரிய உதயம் பார்க்க வந்தவர்கள் விடியற்காலை 4 மணிக்கே வெந்நீர் கேட்பார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற பையன்தான், முந்தின இரவு 11 மணிக்குக் கடைசி பஸ்ஸில் வந்த குடும்பத்துக்கு அறையைத் திறந்துவிட்டவன். நடுவில் அவன் படுத்தது வரவேற்பறை பெஞ்சில். இதை நெகிழ்வு என்று சொல்வதானால் நெகிழ்ந்தது அவன் இடுப்பு மட்டும்தான் என்றாகிவிடும்.

சாதாரண வேலை நேரத்துக்கு மேல் வாங்கும் வேலைக்கு இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. அதைக் கொடுத்துக் கூடுதல் நேரம் வாங்குங்கள். அல்லது சீசனுக்கு மட்டும் குறித்த கால ஒப்பந்தத்தில் ஆள் எடுங்கள்; அவர்களுக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், சமமான சலுகை. இந்த இரண்டையும் செய்துவிட்டு, சீசன் இல்லாத மாதங்களில் மின்கட்டணத்திலும் வரியிலும் எங்களுக்குத் தளர்வு வேண்டும் என்று உங்கள் சங்கம் அரசிடம் போகட்டும். அந்த மனுவில் உங்கள் ஊழியர்களும் கையெழுத்துப் போடுவார்கள்.

பொறியாளர், தோவாளை: வாரத்துக்கு 70 மணி நேரம், 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய நிறுவனத் தலைவர்கள் சொல்கிறார்களே?

70 மணி என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னது 2023 அக்டோபரில். 90 மணி என்ற பேச்சு எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் மூலம் வெளிவந்தது 2025 ஜனவரியில். ஞாயிறையும் சேர்த்துப் பிரித்தால் 90 மணி என்பது நாளுக்கு ஏறத்தாழ 13 மணி.

தன் நிறுவனத்துக்காகத் தன் விருப்பத்தில் எத்தனை மணி நேரம் உழைப்பதும் ஒருவரின் உரிமை. அதை மாதச் சம்பளக்காரருக்கு விதியாக்க முடியாது. விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, அண்டி ஆபீஸில் உட்கார்ந்து, மாலையில் தண்ணீர் எடுத்து, இரவு பாத்திரம் கழுவுகிற விளவங்கோட்டுப் பெண் அந்தத் 90 மணியை எப்போதோ எட்டிவிட்டாள். அவளுக்குக் கூலி கிடைப்பது அதில் பாதிக்குத்தான்.

முந்திரி ஆலைத் தொழிலாளி, கருங்கல்: கேரளத்தில் இதே வேலைக்குக் கூலி கூடுதல். இங்கே கேட்டால் “ஆலையை மூடிவிடுவோம்” என்கிறார்கள். கூலியைக் கூட்டினால் மெய்யாகவே ஆலை மூடிப்போகுமா?

அம்மா, நம் மாவட்டத்தின் கதையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

இந்திய முந்திரித் தொழிலின் தலைநகரம் கொல்லம். அங்கே தொழிற்சங்கம் வலுத்துக் கூலி ஏறியபோதெல்லாம், ஆலை அதிபர்கள் களியக்காவிளை எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். மார்த்தாண்டம், அருமனை, கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ்கள் பெருகியதற்கு இங்கே கூலி குறைவு என்பது ஒரு பெரிய காரணம். வேலையைத் தக்கவைக்கக் கேரள அரசு 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கி ஆலைகளைத் தானே நடத்தியது. 1974-ல் ஆலைகளைக் கையகப்படுத்தச் சட்டமே போட்டது.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2006-ல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் இந்தியாவை முந்தியது. முந்தியது கொல்லத்தை மட்டுமா? கூலி குறைந்த குமரியையும் சேர்த்துத்தான். வியட்நாமில் ஓடு உடைக்க இயந்திரம் வந்தது, உற்பத்தி பெருகியது. குறைந்த கூலி உங்கள் ஆலைக்குக் கவசம் என்றால், கருங்கல் செழித்திருக்க வேண்டும், கொல்லம் மட்டும் படுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

உங்கள் வேலையின் மதிப்பை வாசகர்களுக்கும் ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன். சந்தையில் அதிகம் விலைபோகும் தரம் டபிள்யூ 320. ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 முழுப்பருப்பு நிற்கும் தரம் அது. பருப்பு உடைந்தால் தரம் இறங்கும், விலை இறங்கும். கையால் உடைக்கிற ஆலையில், பருப்பு முழுதாக வருவதற்குப் பெண்களின் விரல்தான் காரணம். எத்தனை பலத்தில், எந்தக் கோணத்தில் தட்டினால் ஓடு பிளந்து பருப்பு பிழைக்கும் என்பது அந்த விரலுக்குத் தெரியும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதனால் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் கறுத்துத் தோல் உரியும். உடைப்பதற்கும் தோல் உரிப்பதற்கும் கிலோக் கணக்கில் கூலி. கை புண்ணாகி வேகம் குறைந்தால் அன்றைய சம்பளமும் குறையும்.

இந்தத் திறமைக்கு உரிய கூலி கேட்பதால் தொழில் அழிந்துவிடும் என்றால், அந்தத் தொழிலில் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது. அது எங்கே என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

முந்திரி ஆலை நடத்துபவர், மார்த்தாண்டம்: எங்களை வில்லனாக்கிவிடாதீர்கள். கொட்டை கிடைக்கவில்லை, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது. எங்கள் பாட்டை யார் பேசுவார்கள்?

நான் பேசுகிறேன். உங்கள் பாடு பொய்யில்லை.

இந்தியாவில் விளையும் கொட்டை நம் ஆலைகளுக்குப் போதாது. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வர வேண்டும். அந்த நாடுகளும் இப்போது பருப்பாக்கித்தான் விற்போம் என்கின்றன. பெனின் 2024 ஏப்ரல் முதல் பச்சைக் கொட்டை ஏற்றுமதிக்கே தடை போட்டது. கொட்டை வாங்க ஒரே தடவையில் பெரும் பணம் போட வேண்டும். அது பருப்பாகிக் காசாகப் பல மாதம் ஆகும். வட்டி அதுவரை நிற்காது.

கொல்லத்தில் இருக்கும் முந்திரி ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில் 1955 முதல் உங்கள் துறைக்காகத் தில்லியில் பேசிவருகிறது. இறக்குமதிக் கொட்டைக்கான சுங்க வரி 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பருப்பு மலிவாக வந்து குவியாதிருக்க, 2019-ல் குறைந்தபட்ச இறக்குமதி விலை முழுப்பருப்புக்குக் கிலோ 720 ரூபாய், உடைந்ததற்கு 680 ரூபாய் என்று உயர்ந்தது. முதலாளிகள் கேட்டுக் கிடைத்த நன்மைகள் இவை. இவற்றால் எந்தத் தொழிலாளிக்கும் நட்டமில்லை. ஆலை ஓடினால் அவர்களுக்கும் வேலை நாள் கூடும்.

இப்படிப்பட்ட கோரிக்கைகளில் உங்கள் பலத்தையெல்லாம் செலவழியுங்கள். கொட்டைக்கு வரி விலக்கு, கடனுக்கு அவகாசம், இயந்திரத்துக்கு மானியம், உள்நாட்டு முந்திரித் தோப்புகளுக்குப் புதிய கன்று. மத்திய அமைச்சரைப் பார்க்கப் போகும்போது தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். கூலியைத் தடுக்கும் மனுவில் நீங்கள் தனியாள். வரியைக் குறைக்கச் சொல்லும் மனுவில் உங்களோடு ஆலையே நிற்கும்.

ஆசிரியர், தக்கலை: குறைந்தபட்சக் கூலியை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசு ஒரு குழு அமைக்கும். அதில் முதலாளி தரப்புக்கும் தொழிலாளி தரப்புக்கும் சம எண்ணிக்கை, கூடவே பொதுவானவர்கள். இன்னொன்று, அரசு வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம். 1948-ம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் இருந்த இந்த முறை, 2019-ம் ஆண்டு ஊதியத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஐந்து ஆண்டுக்குள் ஒரு முறை கூலியை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாநில ஆலோசனை வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது புதிய தொகுப்பில் உள்ள நல்ல அம்சம்.

அளவுகோல் 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. உழைப்பவர் ஒருவரை நம்பி மூன்று நுகர்வு அலகு, அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். முதலாளிகளும் அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது, சென்னைத் தொழிலாளர்கள் நடத்திய ரெப்டகாஸ் பிரெட் வழக்கில்.

வரைவு வெளியான இரண்டு மாதத்துக்குள் முதலாளி சங்கம் வக்கீல் வைத்து, கணக்குப் பிள்ளை வைத்து ஆட்சேபம் தயாரித்துவிடும். வெயிலில் கொட்டை காயப்போடுகிறவருக்கு அரசிதழ் என்ற ஒன்று வந்த சேதியே எட்டாது. ஆசிரியரான நீங்கள் உங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தால், அது பெரிய தொண்டு.

பால்வெட்டுத் தொழிலாளி, கீரிப்பாறை: தனியார் முதலாளி சரி. அரசே முதலாளியாக இருந்தால் நாங்கள் யாரிடம் போவது?

1984-ல் அரசு ரப்பர் கழகம் உருவானபோது அதன் காடுகளில் பால் வெட்ட வந்தவர்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் நிறையப் பேர். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் வேரோடு பெயர்க்கப்பட்டவர்களுக்கு வாழ்வு கொடுப்பதும் அந்தத் தோட்டங்களின் நோக்கங்களில் ஒன்று. லாபக் கணக்கு பார்க்கும்போது அரசு இதை மறக்கக் கூடாது.

ரப்பர் விலை ஏறி இறங்கும். 2011-ல் கிலோ 240 ரூபாய் அளவுக்குப் போனது, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. விலை விழுந்தால் கூலி கொடுக்க முடியாது என்கிற நிர்வாகம், விலை ஏறியபோது தானாக முன்வந்து கூட்டிக் கொடுத்ததா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கிறீர்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை நாளில் வெட்டு இல்லை. மாதச் செலவோ மழையைப் பார்த்துக் குறைவதில்லை.

அரசு நல்ல முதலாளிக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும். தனியாருக்கு அது சொல்லும் சட்டத்தைத் தன் தோட்டத்தில் முதலில் நிறைவேற்றட்டும். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். கழகத்தின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. கேள்வி கேட்க அவருக்கு வழி இருக்கிறது.

வங்கி ஊழியர், குழித்துறை: 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலாகிவிட்டன. யாருக்கு லாபம்?

பழைய 29 சட்டங்கள் நான்கு தொகுப்பாயின. இரு பக்கமும் சொல்கிறேன்.

தொழிலாளிக்குக் கிடைத்தவை: எல்லாருக்கும் நியமனக் கடிதம். எந்தத் தொழிலானாலும் குறைந்தபட்சக் கூலி. குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி. செயலி வழி வேலை செய்வோரின் சமூகப் பாதுகாப்புக்கு நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம்.

முதலாளிகள் பல ஆண்டு கேட்டுப் பெற்றவை: 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூட அரசு அனுமதி வேண்டியிருந்தது, இனி 300 பேர் இருந்தால்தான் வேண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது. இனி 20 பேர். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளுக்கு 20 பேர் என்ற எல்லை 50 ஆயிற்று. எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான்.

எண்களைக் குமரியில் வைத்துப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பெரும்பாலானவை சிறு தொழில்கள். மேலே நகர்ந்த ஒவ்வொரு எல்லைக்கோடும் இங்கே பலரை வெளியே நிறுத்திவிடும்.

என் பெரிய வருத்தம் வேறு. அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக உட்கார 1942-ல் தொடங்கியது இந்தியத் தொழிலாளர் மாநாடு. அதன் 46-வது கூட்டம் 2015 ஜூலையில் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு கூட்டம்கூட இல்லாமலேயே நான்கு தொகுப்புகளும் நிறைவேறி, அமலும் ஆகிவிட்டன. கோடிக்கணக்கானவர்களின் வேலையை மாற்றி எழுதும் சட்டத்தை இப்படிக் கொண்டுவந்தது சரியல்ல.

தையல் யூனிட் நடத்துபவர், இரணியல்: 12 பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லாச் சட்டத்தையும் பின்பற்றினால் நான் கடையை மூட வேண்டியதுதான் அண்ணாச்சி.

தங்கச்சி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 பேருக்கு மேல் இருப்பதால் ஈ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25 சதவீதமாகக் குறைந்தது. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நீங்கள் போடுவது 390 ரூபாய், அந்தப் பெண் போடுவது 90 ரூபாய். அந்தப் பணத்தில் அவள் குடும்பத்துக்கே வைத்தியம், பிரசவ காலத்தில் சம்பளம், வேலையில் காயம்பட்டால் உதவித்தொகை. அவள் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உங்களிடம்தானே அட்வான்ஸ் கேட்டு வருவாள்? அந்தப் பாரமும் குறையும்.

உங்களை வாட்டுவது பணத்தைவிடப் பதிவேடும் அலைச்சலும் என்று நினைக்கிறேன். ஒரே பதிவு, ஒரே படிவம், தமிழில் விளக்கம், அபராதத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை என்று சிறு தொழில் சங்கம் மூலம் கேளுங்கள். இது முழு நியாயம். பெரிய நிறுவனங்களின் சங்கங்கள் தங்கள் வசதிக்குக் கேட்பதையெல்லாம் “சிறு தொழில் நசிகிறது” என்று உங்கள் பெயரில் கேட்கும். அந்த மனுவை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

துணிக்கடை விற்பனைப் பெண், நாகர்கோவில்: நாள் முழுக்க நிற்கிறோம். உட்காரச் சட்டம் உண்டா?

உண்டு. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22ஏ பிரிவு சேர்ந்தது. வேலை செய்யும் எல்லாருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. நாற்காலி இல்லாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள். தனியாக வேண்டாம், சேர்ந்து எழுதுங்கள். வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை: விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று முதலாளியிடம் புகார் சொல்லாதீர்கள். அவர் உட்காராததற்கு அந்தப் புகாரும் ஒரு காரணம்.

கொத்தனார், ஆரல்வாய்மொழி: வடக்கே இருந்து குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். நம்ம வேலை போகிறதே?

கோபம் புரிகிறது. ஆனால் வந்தவர் மீது அதைக் காட்ட வேண்டாம். குமரிக் கொத்தனார் திருவனந்தபுரத்துக்குப் போகிறார், குமரிப் பையன் வளைகுடாவுக்குப் போகிறான். அங்கே அவர்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறோமோ, அதுவே இங்கே வந்தவர்களுக்கும் நடக்கட்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று கேளுங்கள். குறைத்துக் கொடுக்க முடியாது என்றானதும், ஆளை மாற்றி லாபம் பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும்.

வழக்கறிஞர், பத்மநாபபுரம்: முதலாளிகளே தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் கேட்ட வரலாறு உண்டா?

உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ல் வந்ததற்கு, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை அதிபர்கள் கொடுத்த அழுத்தமும் ஒரு காரணம். கட்டுப்பாடில்லாத பம்பாய் ஆலைகள் மலிவாக நூற்று விற்கின்றன என்ற கவலை அவர்களுக்கு. போட்டியாளன் தொழிலாளியைச் சுரண்டினால் நேர்மையான முதலாளிக்கும் நட்டம் என்பதற்கு இது சாட்சி. இன்று ஒழுங்காகக் கூலி கொடுக்கும் ஆலை அதிபர், கொடுக்காத பக்கத்து ஆலையைச் சோதனை செய்யச் சொல்லித் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். அதுவும் முதலாளி வைக்கக்கூடிய நல்ல கோரிக்கைதான்.

ஓய்வுபெற்ற தபால்காரர், குலசேகரம்: முடிவாக, மூன்று தரப்புக்கும் ஆளுக்கொரு வேண்டுகோள் வைக்கச் சொன்னால்?

அரசுக்கு: கூலி, வேலை நேரம் பற்றிய எந்த மசோதாவும் முத்தரப்புக் கூட்டம் நடக்காமல் சட்டமன்றத்துக்கு வரக் கூடாது. நின்றுபோன இந்தியத் தொழிலாளர் மாநாட்டை மறுபடி கூட்டுங்கள்.

முதலாளிகளுக்கு: அரசிடம் கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலையும் ஆலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்கள் கோரிக்கைக்கு அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

தொழிலாளர்களுக்கு: கூலி வரைவு வெளியானதும் உங்களுக்கு இருப்பது இரண்டே மாதம். சங்கம் இருந்தால் சங்கத்தின் பேரில், இல்லாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து, வீட்டு வாடகை, அரிசி, பிள்ளையின் படிப்பு, மருந்து என்று உங்கள் மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். சொந்தக் கையெழுத்தே போதும், தமிழே போதும். விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.